ஆங்கிலப் படைவழக்கில் 'பை' நாய்: சொற்பிறப்புச் சிக்கலும் தமிழ்த் தொடர்பும்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படைவீரரிடையே தெருநாய்க்குப் 'பை' என்றொரு கொச்சைப்பெயர் வழங்கியது. 'பை-டாக்' என்னும் தொடராக அது ஆங்கில அகராதிகளிலும் இடம்பெற்றுள்ளது. அதன் மூலம் குறித்து இரு கருத்துகள் நிலவுகின்றன. 'பறையர்' என்னும் தமிழ்ச்சொல்லின் ஆங்கில வடிவமான 'பரையா' என்பதன் குறுக்கமே அது என்பது ஒன்று. வெளியூரான் எனப் பொருள்படும் 'பாஹி' என்னும் இந்திச் சொல்லின் வழிவந்தது என்பது மற்றொன்று. முதற்கருத்து மெய்யாயின், ஒரு தமிழ்க் குடிப்பெயர் நாயின் பெயராகி, அடையாளமும் இழந்து ஓரசையாகத் தேய்ந்த வரலாறாக இது அமையும்.

யூலும், தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் சொற்களஞ்சியம் முதற்கருத்தை ஐயமின்றி ஏற்கிறது. குறுக்கத்திற்கு முந்தைய முழு வடிவம் சென்னையோடு தொடர்புடையது. 1780இல் ஹைலாண்டர் படைப்பிரிவுடன் சென்னைக்கு வந்த இன்னஸ் மன்ரோ, 1789இல் வெளியிட்ட போர்க்குறிப்பு நூலில் இந்நாய்களைப் 'பரையர்-டாக்' என்றே குறிக்கிறார். இறுதியில் நிற்கும் ரகர மெய் கருதத்தக்கது. அது தமிழின் பலர்பால் விகுதி. பன்மை வடிவத்தையே ஆங்கிலேயர் ஒருமைப் பெயராகக் கொண்டனர் என்பதற்கு இவ்வெழுத்து சான்றாகிறது. இன்றைய துறைமுகத்தின் கட்டுமானம் 1875இல்தான் தொடங்கியது. அதற்கு முன் கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, மசூலாப் படகுகளில் ஏறி அலைகடந்தே படைவீரர் கரைசேர்ந்தனர். இராயபுரத்திற்குத் தெற்கே, கோட்டைக்கும் கருப்பர் நகரத்திற்கும் இடைப்பட்ட அக்கடற்கரையில் அவர்கள் செவியில் விழுந்தது தமிழே.

'பரையா' என்பதிலிருந்து 'பை' பிறத்தல் இயலுமா என்பதே அடுத்த வினா. முதலசை அழுத்தமின்றி ஒலிக்குமாயின் அதன் உயிர் மங்கும். ரகரமும் கெட்டால் பகரமும் ஐகாரமும் எஞ்சும். ஆனால் பழைய ஆங்கில ஒலிப்பில் அழுத்தம் முதலசையில் இருந்திருப்பின் இக்குறுக்கம் எளிதில் அமையாது. 'பாஹி' கொள்கையின் வலு இவ்விடத்தில்தான் உள்ளது. ஒலியளவில் அது நெருங்கியது. வட இந்திய நிலவரி வழக்கில் 'பாஹி' என்பது வேற்றூரிலிருந்து வந்து பயிரிடும் குடியானவரைச் சுட்டும். எந்த வீட்டையும் சேராத நாய்க்கு அப்பெயர் பொருந்தும் என்பது கற்பனைக்கு உகந்ததே. எனினும் வரிக்கணக்கரின் கலைச்சொல் படைக்கொட்டில் நாய்க்கு எவ்வாறு சென்றது என்பதை அக்கொள்கை விளக்கவில்லை. 'பரையா' என்பதோ 'பரையா-சாராயம்', 'பரையா-பருந்து' என மட்டமானது, நாட்டில் மலிந்தது என்ற பொருளில் ஆங்கிலோ-இந்திய வழக்கில் முன்னமே அடைமொழியாகிவிட்டது. ஆகவே பொருள்வழியில் முதற்கருத்தும் ஒலிவழியில் இரண்டாவதும் முன்நிற்கின்றன. படைவீரர் 'பரையா'வைக் குறுக்கியபோது, வடபுலத்தில் கேட்ட 'பாஹி' அவ்வடிவத்தை நிலைப்படுத்தியிருக்கவும் கூடும்.

தமிழின் பழைய நாய்ப்பெயர்கள் வேறு வகையின. ஞமலி, ஞாளி, குக்கல், சுணங்கன், எகினம் எனத் தொகைநூல்களிலும் நிகண்டுகளிலும் வரும் பெயர்கள் எவற்றிலும் குடிப்பெயர்க் கலப்பில்லை. அம்மூவனாரின் அகநானூற்றுப் பாடலில் (140) சேரியில் உப்பு விற்கும் உமணர் மகளின் குரல் கேட்டுக் குரைப்பதும் ஞமலியே. எண்ணூர் உப்பளங்களை அறிந்தோருக்கு அந்நெய்தற் காட்சி அயலானதன்று. பறையன் என்னும் பெயரோ புறநானூற்றில் (335) துடியன், பாணன், கடம்பன் ஆகியோருடன் நான்கு குடிகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. பறை என்னும் இசைக்கருவியின் அடியாக அதனை விளக்கினார் கால்டுவெல். அப்பெயர் இழிபொருள் ஏற்றதும் அது நாய்க்கு அடையானதும் வேறு வேறு நிகழ்வுகள். முன்னது இந்நாட்டுச் சாதியமைப்பின் விளைவு. பின்னது அவ்விழிவை ஆராயாது கடன்வாங்கிய ஆங்கிலத்தின் செயல். அகராதிகள் பலவும் இவ்விரண்டையும் ஒரே வரியில் அடக்கிவிடுகின்றன.

அப்பெயரையே தலைப்பாகக் கொண்டு இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் இதழ் தொடங்கினார். எம்.சி. ராஜாவின் முயற்சியை அடுத்து 1922இல் சென்னை அரசு 'ஆதி திராவிடர்' என்னும் பெயரை ஏற்றது. மனிதர்க்குரிய பெயர் அரசு ஆவணங்களில் இவ்வாறு விவாதிக்கப்பட்டு மாறிய பின்னரும், ஆங்கிலத்தில் 'இந்தியன் பரையா டாக்' என்னும் நாய்ப்பெயர் வழங்கிவருகிறது. தமிழில் அதற்குரிய சொல் 'நாட்டு நாய்'.