ரோபோவுக்கு வேண்டியது புதுப் படம்

நாசாவின் இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் 2021 மே 22 அன்று செவ்வாயில் ஆறாவது முறையாகப் பறந்தபோது, கிளம்பிய 54 நொடி வாக்கில் முன்னும் பின்னும் தள்ளாடத் தொடங்கியது. தரையைப் பார்த்து நொடிக்கு 30 படம் எடுக்கும் அதன் கேமரா வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நடுவில் ஒரே ஒரு படம் தவறிப்போனது, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பின் வந்த படங்கள் எல்லாவற்றிலும் எடுத்த நேரம் தப்பாகப் பதிவாயிற்று. தான் எங்கே இருக்கிறோம் என்று அது போட்ட கணக்கு பிசகி, இல்லாத தவறைத் திருத்தித் திருத்தியே ஆடியது. தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராவை நம்பாதபடி முன்பே வடிவமைத்திருந்ததால் பிழைத்தது. ரோபோவின் பார்வையைக் கூர்மையாக்க நினைப்பவர்கள் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கையில் இருக்கும் ஃப்ரேம் எவ்வளவு பழசு என்பதே அதைவிட முக்கியமான கேள்வி.

ஃப்ரேம் குறைவதற்குப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் காரணமே இல்லை. அறையில் வெளிச்சம் போதாவிட்டால் சாதாரண வெப்கேம் தானாகவே எக்ஸ்போஷரை நீட்டிக்கொள்ளும். ஒரு படத்துக்கு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால் 15 ஃப்ரேமுக்கு மேல் எப்படி வரும்? ஒரு விளக்கைப் போட்டு, எக்ஸ்போஷரைக் கையால் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அடுத்தது கேபிள். 1920க்கு 1080 அளவில், பிக்சலுக்கு 2 பைட் வீதம் சுருக்காமல் அனுப்பினால், ஒரு படமே 40 லட்சம் பைட்டைத் தாண்டும். 30 படத்துக்கு 12 கோடி. யூஎஸ்பி 2.0 ஏட்டளவில் தாங்குவதே நொடிக்கு 6 கோடிதான். 640க்கு 480 என்று குறைத்தால் 2 கோடிக்குள் அடங்கிவிடும். இவை இரண்டையும் சரிசெய்த பிறகும் ஒரு வம்பு மிச்சமிருக்கிறது: கேமரா வேகமாகவும் புரோகிராம் மெதுவாகவும் ஓடினால் படங்கள் பஃபரில் வரிசை கட்டும். ஒரு படத்தை அலச 100 மில்லிநொடி ஆகி, நான்கு படம் காத்திருந்தால், ரோபோ பார்ப்பது கால் நொடிக்கும் மேல் பழைய காட்சி. நொடிக்கு 2 மீட்டர் ஓடும் ரோபோ அதற்குள் அரை மீட்டர் கடந்திருக்கும். படம் வாங்குவதைத் தனி த்ரெட்டுக்கு விட்டு, கடைசிப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வீசிவிடுவதே இதற்கு வழி.

அளவைக் குறைத்தால் தூரத்துப் பொருள் தெரியாதே என்பது நியாயமான ஆட்சேபம்தான். அங்கே முழுப் படத்தையும் சுருக்காமல், வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அலசலாம். கூடுதல் ஃப்ரேமால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் இஷிகாவா குழு 2012இல் காட்டிய ரோபோ கை, எதிராளியின் விரல் வடிவத்தை ஒரு மில்லிநொடியில் கண்டுகொண்டு கல்-காகிதம்-கத்தரி ஆட்டத்தில் தோற்காமலே ஆடியது. ஆனால் அதில் கேமரா, கணக்கீடு, விரல் மோட்டார் எல்லாமே ஒருசேர வேகம். 2020இல் ஜூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எறிந்த பந்திலிருந்து ட்ரோனை விலகவைத்த ஈவென்ட் கேமராவிலோ ஃப்ரேம் என்பதே கிடையாது. வெளிச்சம் மாறிய பிக்சல் மட்டும் அந்தக் கணமே சொல்லும். அங்கே ட்ரோன் எதிர்வினைக்கு எடுத்துக்கொண்டது 3.5 மில்லிநொடி.

புதுக் கேமரா வாங்கப் போகிறவர்கள் அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மில்லிநொடி காட்டும் ஸ்டாப்வாட்ச் ஓடும் செல்போனை ரோபோவின் கேமரா முன் பிடித்து, செல்போனும் அந்தக் கேமராவின் காட்சி ஓடும் கம்ப்யூட்டர் திரையும் சேர்ந்து தெரியும்படி இன்னொரு போனில் படம் எடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் திரை எடுத்துக்கொள்ளும் சிறு நேரம் போக மீதிதான் உங்கள் ரோபோவின் தாமதம். முதலில் அதைக் குறையுங்கள்.