வினவி அறிதல்

தற்கொலைக்கு முயன்று மீண்டோர் அனைவரும் மனநோயர் அல்லர். அவர்களுள் எவருக்கும் நோயில்லை எனக் கொள்வதும் பிழை. உடல்நிலை சீரானதும் மனநல மருத்துவர் அவரைத் தனிமையில் சந்தித்து, உறக்கம், பசி, மதுப்பழக்கம் ஆகியவற்றைப் பொறுமையுடன் கேட்டறிவார். குடும்பத்தாரிடமும் வினவுவார். இறக்கும் எண்ணம் இன்னும் உள்ளதா என நேரடியாகவே கேட்பார். அக்கேள்வி அவ்வெண்ணத்தை விதைப்பதில்லை. மனச்சுமையை இறக்கிவைக்க வழிசெய்கிறது.

சோர்வும் ஆர்வமின்மையும் 2 வாரங்களுக்கு மேல் நீடித்திருப்பின் அது மனச்சோர்வு நோயாகலாம். கடன், தேர்வுத் தோல்வி முதலியவற்றால் எழுந்த திடீர் நெருக்கடியாகவும் இருக்கலாம். இரண்டிற்கும் உதவும் முறை வேறு. எனவே, ஒருமுறை கண்டு முடிவுசெய்தல் போதாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இவர்களைக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானோராகவே கருதுகிறது. சிகிச்சையளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. மனம் தளர்ந்தோர் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.