ஆறு நாணயங்களும் ஒரு சிந்தசைசரும்

மாணவர்களே, ஆறு 20 சென் நாணயங்களைக் குலுக்கி மேசைமேல் போடுங்கள். பூ விழுந்தவை எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி முப்பது முறையாவது செய்யுங்கள். மூன்று பூ அடிக்கடி விழும். ஆறும் பூவாக விழுவது அபூர்வம்.

இதே கணக்கு ஓர் இசைக்கருவிக்குள்ளும் இருக்கிறது.

மாடுலர் சிந்தசைசரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி மாட்யூல் உண்டு. அவற்றைக் கம்பிகளால் இணைத்துத்தான் ஒலியை உருவாக்குவார்கள். மாட்யூல்கள் ஒன்றுக்கொன்று கட்டளையிடுவது மின்னழுத்தத்தால். பெரும்பாலான கருவிகளில் மின்னழுத்தம் 1 வோல்ட் கூடினால் சுருதி கீழ் 'ஸ'விலிருந்து மேல் 'ஸ'வுக்கு ஏறிவிடும். கீபோர்டுக்குப் பதிலாக, நாம் முன்கூட்டியே சொல்ல முடியாத மின்னழுத்தங்களை அனுப்பும் மாட்யூலை இணைத்தால், கருவி தானே ஒரு மெட்டை வாசிக்கும். அது எப்படிப்பட்ட மெட்டு?

அமெரிக்கரான டான் புக்லா 1970களில் உருவாக்கிய 266ஆம் எண் மாட்யூலைப் பாருங்கள். அதன் பெயர் 'சோர்ஸ் ஆஃப் அன்சர்ட்டன்டி', அதாவது நிச்சயமின்மையின் ஊற்று. அதன் ஒரு பகுதியில், ஒரு துடிப்பை அனுப்பினால் இரண்டு துளைகளில் இரண்டு விதமான ரேண்டம் மின்னழுத்தங்கள் கிடைக்கும். ஒன்றில் அதிகபட்சம் 64 நிலைகள், மற்றதில் 7.

உங்கள் நாணயங்களுக்குத் திரும்புவோம். அவற்றை வரிசையாக வைத்து ஒவ்வொன்றும் பூவா தலையா என்று பார்த்தால் 2×2×2×2×2×2 = 64 விடைகள்; எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. பூக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், பூச்சியம் முதல் ஆறு வரை 7 விடைகள்தான். ஆனால், மூன்று பூ விழ 64இல் 20 வழிகள் உண்டு. ஆறும் பூவாக விழ ஒரே வழி. முதல் துளையின் மெட்டு கண்டபடி தாவும். இரண்டாவது, நடுச் சுரங்களையே சுற்றிவந்து எப்போதாவது ஓரத்துக்குப் பறக்கும். என் காதுக்கு இரண்டாவதுதான் பாட்டுக்கு நெருக்கம்.

தமிழ்க் கணித நூல்களில் 'ரேண்டம்' என்பதைச் 'சமவாய்ப்பு' என்று எழுதுவார்கள். சொல் அழகானதுதான், ஆனால் கொஞ்சம் ஏமாற்றும். இரண்டாவது துளையும் ரேண்டம்தானே? அங்கே வாய்ப்பு சமமாக இல்லையே!

டாம் விட்வெல் வடிவமைத்த 'டியூரிங் மெஷின்' வேறு வழியில் போகிறது. (பெயர்தான் அப்படி, 1936இல் ஆலன் டியூரிங் விவரித்த இயந்திரம் இது அல்ல.) இதற்கு நினைவாற்றல் உண்டு. உள்ளே 16 இடங்கள், ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. துடிப்பு வரும்போதெல்லாம் வரிசை ஓரிடம் நகரும். கடைசி எண் முதலிடத்துக்கு வந்துசேரும். வரும் வழியில் அந்த 0 1ஆக, அல்லது 1 0ஆக மாறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை ஒரு பெரிய குமிழால் அமைக்கலாம். குமிழ் நடுவில் இருந்தால் பாதிக்குப் பாதி, மெட்டு நிலைக்காது. வலக்கோடியில் எதுவும் மாறாது. 16 துடிப்புக்கு ஒருமுறை அதே மெட்டு திரும்பும். வலக்கோடிக்குச் சற்று முன்னால் நிறுத்துவதுதான் சுவாரசியம். மெட்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டே, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுரம் மாறும்.

இடக்கோடியில் வைத்தால் திரும்பி வரும் எண் ஒவ்வொரு முறையும் கட்டாயம் மாறும். அப்போது எத்தனை துடிப்புக்குப் பின் அதே மெட்டு திரும்பும்? 16 என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். தாளில் நான்கு கட்டங்கள் வரைந்து, எல்லாவற்றிலும் 0 போட்டு, கையால் நகர்த்திப் பாருங்கள்.