அம்பாவைப் பார்க்கப் போனோம்

பேத்திக்கு அப்போது இரண்டு வயது. படப்புத்தகத்தில் பசுவைக் கண்டால் "அம்பா" என்பாள். பால் எங்கே இருந்து வருகிறது என்று கேட்டால் பால்மாப் பெட்டியைக் காட்டுவாள். தருமபுரத்தில் மாட்டுப் பட்டியோடு வளர்ந்த எனக்கு அது சிரிப்பாகவும் இருந்தது, மனதுக்கு ஒரு மாதிரியாகவும் இருந்தது.

2023 ஆவணியில் மகள், மருமகன், பேத்தியோடு ஹட்டனுக்குப் போனேன். 1977 கலவரத்துக்குப் பிறகு என் பெற்றோர் அங்கிருந்துதான் வன்னிக்கு வந்தவர்கள். அம்மாவின் தங்கை இன்றும் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறா. அந்தச் சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு நானுஓயாவரை புகையிரதத்தில் போய், அங்கிருந்து வான் பிடித்து அம்பேவெல பண்ணைக்குப் போனோம். "இத்தன வருசம் கொழுந்து பறிச்சேன், ஒரு நாளும் இந்தப் பக்கம் வந்ததில்ல" என்றா சின்னம்மா.

சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்பேவெல ஏறத்தாழ 6,000 அடி உயரம். வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கிவிடும். குல்லா, காலுறை, மாற்றுடுப்பு இரண்டு சோடி கட்டாயம் வேண்டும். வளைவுப் பாதையில் பிள்ளை சத்தி எடுக்கும் என்பதால் வயிறு நிறையக் கொடுத்து ஏற்றக்கூடாது. நாங்கள் கொடுத்தோம். மருமகனின் சேட்டு பழுதானதுதான் மிச்சம்.

அங்கே கறுப்பும் வெள்ளையுமான பிரீசியன் பசுக்கள் நிற்கின்றன. ஒல்லாந்துப் பக்கத்துக் குளிர்தேச இனம். வெக்கை கூடினால் தீன் எடுக்காது, பாலும் குறைந்துவிடும். அதனால்தான் இந்த மலைக்குளிர் அவற்றுக்குத் தோது. எங்கள் வன்னி வெயிலுக்கு நாட்டு மாடும் கலப்பினமுமே தாங்கும். எங்கள் வீட்டுச் சிவப்பி காலையில் ஒன்றரை லீற்றர் தந்தாலே பெரிய காரியம். இங்கே இயந்திரம் கறக்கிறது. மடியில் கை வைக்க ஆளில்லை. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பேத்தி மாட்டைக் கண்டதும் அலறிவிட்டாள். புத்தகத்தில் உள்ளங்கை அளவில் இருந்த அம்பா இவ்வளவு பெரிதாக நிற்கும் என்று அவள் எப்படி நினைப்பாள்? கிட்டக் கொண்டுபோய்த் திணிக்காமல், தூரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றோம். அரை மணி நேரத்தில் தானே கையை நீட்டினாள். தொட்டு முடிந்ததும் வாய்க்குள் விரல் போவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினோம். பச்சைப் பாலும் பிள்ளைக்கு ஆகாது. காசநோய்க் கிருமிகூட அதில் இருக்கலாம். நன்றாகக் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும்.

மகள் மட்டும் வேலிப் பக்கம் வரவேயில்லை. 2009 தையில் வெளிக்கிட்டபோது சிவப்பியின் கயிற்றை அறுத்துவிட்டவர் என் கணவர். கன்று எங்களுக்குப் பின்னாலேயே ஒழுங்கை முடியும்வரை வந்தது. அப்போது பத்து வயதான மகள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கணவரும் அதன்பின் நான்கு மாதந்தான் எங்களோடு இருந்தார். முகாமில் அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டதே இல்லை. கன்றைப் பற்றித்தான் கேட்பாள்.

"அம்மா, அம்பா!" என்று பேத்தி கையைப் பிடித்து இழுக்க, மகள் எழுந்து வந்தாள். கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டு கனநேரம் நின்றாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது வானுக்குள் பிள்ளை நித்திரை. மகள் மெல்லக் கேட்டாள்: "அம்மா, ஒரு நாட்டுப் பசு இப்ப என்ன விலை போகும்?"