கை தவறும் குழந்தை

நேற்றுவரை முத்து முத்தாக எழுதி வந்த ஒன்பது வயதுச் சிறுமியின் எழுத்து திடீரெனக் கோணுகிறது. பால் தம்ளர் கை நழுவி விழுகிறது. உட்கார்ந்த இடத்திலேயே தோளும் விரல்களும் நெளிகின்றன. முகம் தானாகக் கோணிக்கொள்கிறது. காரணமின்றி அழுகை வருகிறது. பள்ளியில் ஆசிரியை கண்டிக்கிறார். வீட்டில் நாமும் குறும்பு என்று அதட்டுகிறோம், அல்லது கண்ணேறு என்று சுற்றிப் போடுகிறோம். உறங்கும்போது மட்டும் அவ்வசைவுகள் அடங்கிவிடுவதை எத்தனை பேர் கவனிக்கிறோம்?

இது ஒரு நோய். 1686-ஆம் ஆண்டிலேயே தாமஸ் சிடன்ஹாம் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை விவரித்தார். 'கோரியா' என்பது இதன் பெயர். தேசத்தின் பெயரென மயங்க வேண்டா. நடனம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு 'நடனம்' என்று எழுத மனம் வரவில்லை. அந்தக் குழந்தை ஆடவில்லையே!

இதன் வேர் தொண்டையில் இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை புண்ணாகும்போது, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்கள் மூளையில் அசைவுகளை நெறிப்படுத்தும் பகுதியையும் பகையெனக் கருதித் தாக்குகின்றன. தொண்டைவலி ஆறிப் பல வாரங்கள், சில வேளை ஆறு மாதங்கள் கழிந்த பின்னரே கை நெளியத் தொடங்கும். ஆகவே இரண்டையும் எவரும் இணைத்து எண்ணுவதில்லை. ஐந்து முதல் பதினைந்து வயது வரையில், சிறுமியரிடமே மிகுதி. ஓர் அறையில் பலர் நெருங்கி வாழும் வீடுகளில் இக்கிருமி எளிதில் பரவும்.

நெளிவு பெரும்பாலும் சில மாதங்களில் தணிந்துவிடும். ஆனால் அதே வாதக் காய்ச்சல் இருதய வால்வுகளைக் கெடுத்திருந்தால் அக்கேடு நிலைத்துவிடக் கூடும். ஆதலின் இருதயத்தை எக்கோ எடுத்துப் பார்ப்பது இன்றியமையாதது. மூளைக்காய்ச்சலும், உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோயும்கூட இத்தகைய அசைவுகளைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை வேறு. எனவே காரணத்தை டாக்டரே தீர்மானிக்க வேண்டும்.

வாதக் காய்ச்சலே காரணமென்றால், மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட்டுவர வேண்டும். வெளிமாநிலங்களில் வாழும் நாம் இடறுவது இங்கேதான். மாற்றல் உத்தரவு வருகிறது. புதிய ஊர், புதிய டாக்டர். பழைய சீட்டு பெட்டியின் அடியில் கிடக்கிறது. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஊருக்குச் செல்கையில் ஊசி தவறுகிறது; மறுபடியும் தொண்டை புண்ணானால் நோய் திரும்பக் கூடும். ரயிலுக்கு மூட்டை கட்டும்போதே அந்தச் சீட்டையும் அடுத்த ஊசித் தேதியையும் கைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.