எட்டு வரிக் கவிதையும் எங்கள் வகுப்பும்

தொடக்ககால அமெரிக்க இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன் என்று சொன்னால், “அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். முதல் சில வாரங்களில் அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது. ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் கவிதைகள் சிலருக்குப் பிடித்தன. 1741ல் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் நரகத்தைப் பற்றி ஆற்றிய பிரசங்கம் சிலரை மிரளவும் சிலரைச் சிரிக்கவும் வைத்தது. அதோடு சரி.

ஃபில்லிஸ் வீட்லி வந்த வாரம்தான் வகுப்பு சூடுபிடித்தது.

1761ல் அடிமைக் கப்பலில் பாஸ்டன் நகருக்குக் கொண்டுவரப்பட்டபோது அவருக்கு ஏழு அல்லது எட்டு வயது. கப்பலின் பெயர் ஃபில்லிஸ், விலைக்கு வாங்கிய குடும்பத்தின் பெயர் வீட்லி. இரண்டும் சேர்ந்ததுதான் அவர் பெயர். பெற்றோர் வைத்த பெயர் எங்கும் பதிவாகவில்லை. அந்த வீட்டிலேயே ஆங்கிலமும் லத்தீனும் கற்று, பதின்ம வயதிலேயே கவிதை எழுதினார்.

நாங்கள் வாசித்தது, ஆப்பிரிக்காவிலிருந்து தாம் கொண்டுவரப்பட்டதைப் பற்றி அவர் எழுதிய எட்டு வரிகள். தம்மை இங்கே சேர்த்தது இறைக்கருணை என்று கவிதை தொடங்குகிறது. “அடிமையாக்கியவர்களுக்கு நன்றியா?” என்று தோழி ஒருத்தி கொதித்துவிட்டாள். “கடைசி நான்கு வரிகளையும் படி” என்றான் எதிரே இருந்தவன். அவற்றில், கறுப்பினத்தவரை இளக்காரமாகப் பார்க்கும் கிறிஸ்துவர்களிடம், இவர்களும் விண்ணுலகம் சேரக்கூடியவர்களே என்று அவர் நினைவூட்டுகிறார். எஜமானரின் வேதத்தை வைத்தே எஜமானரைக் கேட்கிறார் என்பது அவன் வாதம். நன்றியுள்ளவரா, புரட்சிக்காரரா? பாட நேரம் முழுக்க இதிலேயே போனது.

எனக்கு இரு தரப்பிலும் ஒரு குறை தெரிந்தது. விரும்பியதை எல்லாம் எழுதும் நிலையில் இருந்தவர் போலவே அவரை எடைபோட்டோம். அவரோ எஜமானர் வீட்டில் இருந்தபடி எழுதியவர். 1773ல் லண்டனில் வெளிவந்த அவரது நூலின் முன்பக்கத்தில் ஓர் அறிக்கை இருக்கிறது. இக்கவிதைகளை இந்தப் பெண்தான் எழுதினாள் என்று, ஆளுநர், ஜான் ஹான்காக் உள்ளிட்ட 18 பாஸ்டன் பிரமுகர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகும், பின்னாளில் அதிபரான தாமஸ் ஜெஃபர்சன், அவரைக் கவிஞர் என்றே ஏற்க மறுத்து எழுதினார். எங்கள் வகுப்பும் அவரை இன்னொரு தேர்வில் உட்கார வைத்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. இந்த முறை கேள்வி மட்டும் வேறு: நீ போதுமான அளவு கோபப்பட்டாயா?

கோபத்தைத் தேடுபவர்கள் சாம்சன் ஆக்கம் என்ற பூர்வகுடிப் பாதிரியாருக்கு 1774ல் அவர் எழுதிய கடிதத்தைப் படிக்கலாம். அதற்குள் அவருக்கு விடுதலை கிடைத்துவிட்டது. விடுதலை வேட்கையை ஒவ்வோர் உள்ளத்திலும் இறைவனே வைத்திருக்கிறான் என்கிறார். சுதந்திரம் வேண்டும் என்று முழங்கிக்கொண்டே பிறரை அடக்கி வைத்திருப்பவர்களைக் கேலியும் செய்கிறார். அன்றைய நாளிதழ்களில் வெளிவந்த கடிதம் அது. எங்கள் பாடத் தொகுப்பில் அது இல்லை. எட்டு வரிகள் மட்டுமே இருந்தன. ஒருவரை அறிமுகப்படுத்த அது போதவே போதாது என்பது என் கருத்து.

1779ல் 33 கவிதைகளும் 13 கடிதங்களும் கொண்ட இரண்டாவது நூலை அவர் அறிவித்தார். முன்பதிவு செய்ய ஆள் சேரவில்லை. 1784ல் வறுமையில் இறந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை.