பசறை மலைப்பாறையும் இழுபட்ட நிலமும்

பசறையில் வீதிக்காக வெட்டிய மலைச்சரிவுகளிலும் தேயிலை மலைகளிலும் தலைகாட்டும் வரிவரியான கற்பாறை, இலங்கையின் உயர்நிலத் தொடரைச் சேர்ந்தது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி நெருக்கியபோது, ஆழத்தின் வெப்பத்தில் உருமாறியது. நமுனுகுல மலையும் (2,036 மீற்றர்) இதே தொடரைச் சேர்ந்ததே.

பின்னர் நிலம் எதிர்த்திசையில் இழுபட்டது. கோண்ட்வானாப் பெருங்கண்டம் பிரியத் தொடங்கியபோது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே புவியோடு மெலிந்து உடைந்தது. இவ்வாறு இழுபடும் இடத்தில் பிளவு செங்குத்தாக அன்றி, பெரும்பாலும் 60 பாகை அளவில் சாய்ந்தே உண்டாகும். சாய்ந்த தளத்தின் மேல் தங்கியிருக்கும் பாறை தன் பாரத்தாலேயே கீழே சறுக்கும். நெருக்கப்படும் நிலத்திலோ அது மேலே ஏறும். இந்தச் சறுக்கல் ஒரே தடவையில் நடப்பதில்லை. நிலநடுக்கத்தில் சிறிது இறங்கி, நெடுங்காலம் அசையாதிருந்து, மறுபடி இறங்கும். இறங்கிய பக்கம் பள்ளமாக, ஆறுகள் மணலும் சேறும் கொண்டுவந்து நிரப்பும்.

அப்படி நிரம்பிய பள்ளங்களைப் பசறையில் தேட வேண்டாம். புத்தளம் மாவட்டத்தின் தப்போவையிலும் ஆண்டிகமவிலும் அவை உள்ளன. தப்போவையின் யுராசிக் காலப் படிவுகளில் இலைச்சுவடுகள் கிடைத்துள்ளன. மிகப் பெரியவை மன்னார் வளைகுடாவுக்கும் காவிரிப் படுகைக்கும் அடியில் கிடக்கின்றன.

பசறை அமைந்த ஊவாவின் பாறையிலும் விரிசல்கள் உண்டு; அவை இன்று நிலத்தடி நீரின் வழிகள். 2014 டிசெம்பரில் உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கம் விரிசல் விழுந்த பாறையை வெட்டியபோது நீர் உள்ளே பாய்ந்தது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின.